கொள்ளுக்கு வந்த மயில்

அன்னூரைத் தாண்டியதும் தார்ச்சாலையில் பாதியை அறுத்துப் போட்ட கொள்ளுச் செடி மூடிக் கிடக்கிறது. வண்டிச் சக்கரம் ஏறினால் காய் வெடித்துக் கொள்ளு உதிரும். களத்து வேலையை இங்கே சாலையே செய்துவிடுகிறது. எங்கள் பேருந்து அதன்மேல் ஏறப்போகும் நேரம் செடிக்குள்ளிருந்து ஓர் ஆண் மயில் எழும்புகிறது. ஓட்டுநர் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார். முன்கண்ணாடியில் சாலையும் இல்லை, வானமும் இல்லை, தோகை மட்டும்தான். அது கண்ணாடியை உரசிக்கொண்டு மேலே போகிறது.

செடியைப் பரப்பியிருந்த பெண் ஓடி வருகிறார். "அடிபட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்க, தப்பிச்சிருச்சு" என்கிறேன் ஜன்னல் வழியாக.

"முந்தாநேத்து ஒண்ணு லாரியில அடிபட்டுச் செத்துப்போச்சுங்க. நானே தீனி போட்டுக் கூப்பிட்டாப்பல ஆயிருச்சு. இனி செடிய ஊட்டுலயே போட்டுத் தடியில அடிச்சுக்கறேனுங்க."

செடியை வாரி வாரி ஓரத்துக்கு இழுக்கிறார். ஓட்டுநர் ஹாரன் அடிக்காமல் என்ஜினை அணைக்கிறார்.

உதிர்ந்த கொள்ளு கொஞ்சம் தாரிலேயே கிடக்கிறது. வேலிப்பக்கம் போன மயில் திரும்பி வந்து, எங்கள் முன்சக்கரத்தை ஒட்டி நின்று நிதானமாகக் கொத்துகிறது. எல்லோருக்கும் போகவேண்டிய ஊர் இருக்கிறது. வண்டியை எடுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.