செலஸ்ரினாவின் சாட்சி

இன்றைக்கு மன்னாரில் இருந்து திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் வந்து அமர்ந்தவர் தாழ்வுபாடு என்ற கடற்கரை ஊர்ச் செலஸ்ரினா. கைக்குள் ஒரு வீட்டுத் திறப்பு. இறங்கும்வரை அந்தச் சாவியை அவர் விடவேயில்லை. அவர் கதையை எழுதாமல் தூங்க முடியாது!

சண்டைக் காலத்தில் கடல் கடந்து போய், தமிழ்நாட்டு முகாமில் பிள்ளை வளர்த்தவர் அவர். ஊர் திரும்பியபோது ஒரே மகள் அனிற்றா அங்கேயே கலியாணம் கட்டி நின்றுவிட்டாள். இங்கே சீதனம் என்றால் பெண்ணின் பேரில் வீடு. மாப்பிள்ளைதான் அதில் வந்து குடியிருப்பான். அதன்படி செலஸ்ரினாவும் ஒரு வீடு கட்டி வைத்தார். அங்கே மாப்பிள்ளை வீட்டாரோ அதை விற்று நகையாகத் தரச் சொன்னார்கள்.

"வீட்டை வித்துத் தா எண்டு அடிக்கிறார் அம்மா" என்று அனிற்றா போனில் அழுதாள். அந்தக் கிழமை முடியுமுன்னே கிணற்றில் பிணமாகக் கிடந்தாள்.

செலஸ்ரினா இந்தியாவுக்குப் போய்க் கூண்டில் ஏறி, மகள் சொன்னதை அப்படியே சொன்னார். நீதிமன்றம் நம்பியது. வரதட்சணை மரணம் என்று தீர்ப்பாகி மருமகன் சிறைக்குப் போனான்.

நேற்று அண்ணன் மகன் றெனால்ட் கடலால் வந்த கையோடு வாசல் படலையில் நின்றான்.

"மாமி, அவனை விட்டிட்டாங்களாம். முகாமில இருந்து வொய்ஸ் வந்தது. பிணையாம்."

"தீர்ப்புக்குப் பிறகு என்னடா பிணை?"

"அதைத்தான் நானும் சொல்லுறன். தீர்ப்புக்குப் பிறகு வெளியில விட்டால் சுத்தவாளி எண்டுதானே? இனியாவது அந்த வீட்டை வாடகைக்குக் குடுங்கோ. பல்லி குடியிருக்கவோ கட்டினனீங்கள்?"

இந்தக் கரையில் பிணை என்றால் தீர்ப்புக்கு முன்னர் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. பொழுதுபடுவதற்குள், செலஸ்ரினா பொய்ச்சாட்சி சொன்னாராம் என்று கதை கருவாடு காயப்போடும் வாடிகள் எல்லாம் சுற்றிவிட்டது. கருவாடு புரட்டிய பெண்கள் அவரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் அடுப்பு மூட்டவில்லை. மருமகன் வெளியே வந்ததைவிட, மகளின் கடைசிச் சொல்லைப் பொய்யென்று தள்ளிவிட்டார்களோ என்பதுதான் அவரைத் தின்றது.

விடிந்ததும் மன்னாரில் சட்டத்தரணி சுபத்திராவின் கந்தோருக்குப் போனார். சுபத்திரா இந்தியாவில் வழக்குப் பார்த்த வக்கீலுக்குப் போன் எடுத்து விசாரித்தார்.

"அம்மா, அவர் சுத்தவாளி இல்லை. மேன்முறையீடு போட்டிருக்கிறார். அது முடியுமட்டும் தண்டனையை நிப்பாட்டி வைச்சுப் பிணை குடுத்திருக்கினம். குற்றவாளி எண்ட தீர்ப்பு அப்பிடியே இருக்கு."

"அப்ப என்ர பிள்ளை சொன்னது நிக்குதோ?"

"இப்ப நிக்குது. மேன்முறையீட்டில என்ன வரும் எண்டு நான் சொல்லேலாது அம்மா."

"அது காணும் பிள்ளை" என்றார் செலஸ்ரினா. எழும்பி வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "இதை ஊரில ஆரிட்டச் சொல்லுறது? ஒருத்தரும் வரமாட்டினமே."



தாழ்வுபாட்டில் என்னோடு இறங்கியவர் நேரே சீதன வீட்டுக்குப் போனார். திறந்து, கூட்டி, வாசலில் இரண்டு கதிரை போட்டார். ஒன்றில் தான் இருந்தார். மற்றது வெறுமையாகக் கிடந்தது.

தாழ்வுபாட்டுப் பக்கம் போகிறவர்கள் அந்தக் கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள். வழக்கு என்ன ஆனது என்று கேட்க வேண்டாம். அனிற்றா என்ன சொன்னாள் என்று கேளுங்கள். போக முடியாதவர்கள், அவர் பொய் சொல்லவில்லை என்பதையாவது நாலு பேருக்குச் சொல்லுங்கள்.