எந்தப் பஸ்ஸுல வருவாருங்க?

என் சட்டைப் பையில் இருக்கும் நீலப் பேனாவுக்குப் பதினோரு வயது. ரீஃபில் ஏழு முறை மாற்றிவிட்டேன், பேனாவை மாற்றவில்லை. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், ஒருவர் இதை இரண்டு கையாலும் வாங்கி, காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். மூடியைப் போட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

அப்போது நான் கோவையில் நன்னடத்தை அலுவலகத்தில் எழுத்தர். ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. புதிதாக வந்த பெண் அலுவலர் என் மகளைவிட மூன்று வயது சின்னவர். பல்கலைக்கழகத்தில் குற்றவியலும் தத்துவமும் படித்தவர். "ஏனுங்க மேடம், திருடனப் புடிக்க ஒரு படிப்பு, புடிச்சது நாயமான்னு ரோசிக்க ஒரு படிப்புங்களா?" என்று டிரைவர் கேலி செய்வார். "ரெண்டும் படிச்சா தூக்கம் வராதுங்கண்ணா, அவ்வளவுதான்," என்பார் மேடம்.

கோவைச் சிறையிலிருந்த, வெள்ளகோவில் பக்கத்து ஆயுள் கைதி ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் பரோல் கேட்டிருந்தார். அவரால் வெட்டுப்பட்டுச் செத்தவரின் அண்ணனிடம் ஆட்சேபணை உண்டா என்று விசாரிக்கத்தான் அந்த வீட்டுக்குப் போனோம். மோர் கொடுத்து உட்கார வைத்தார். "கல்யாணமுங்களே, வரட்டுங்க. நாங்க ஒண்ணுஞ் சொல்றதுக்கில்லீங்க," என்றார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். என்னைக்கு வாராருங்க? கூட போலீஸ் வருமுங்களா? எந்தப் பஸ்ஸுல வருவாருங்க?

முதல் கேள்விக்கு மேடம் தேதி சொன்னார். இரண்டாவதற்கு, இன்னும் முடிவாகவில்லை என்றார். மூன்றாவதற்கு நான் முந்திக்கொண்டேன். இவ்வளவு மரியாதையாகக் கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. பஸ் நேரமெல்லாம் மனப்பாடம் என்ற பெருமை வேறு. "காலைல எட்டேகாலுக்குச் சூலூர், பல்லடம் வழியா ஒண்ணு இருக்குதுங்க." மேடம் என்னை ஒருமுறை பார்த்தார். அண்ணன்காரர் என்னிடம் பேனா கேட்டார். என் கைப்பேசி எண்ணும் கேட்டார். இரண்டும் கொடுத்தேன்.

திரும்பும்போது பல்லடம் தாண்டியதும் மேடம், "கல்யாணத்தப் பத்தி அவரு ஒரு வார்த்தை கேக்கலீங்க," என்றார். "பயப்படுன்னு ஒரு படிப்பு சொல்லுது. செய்யாத ஒண்ணுக்கு யாரைத் தண்டிப்பேன்னு இன்னொண்ணு கேக்குது." அறிக்கையை நான்கு முறை எழுதினார். நான்காவதில், பரோலுக்குப் பரிந்துரைக்க இயலவில்லை என்று முடித்தார்.

அப்பா இல்லாமலே கல்யாணம் நடந்தது. எட்டாம் நாள் அந்தப் பெண் புது மஞ்சள் கயிற்றோடு அலுவலகத்துக்கு வந்தாள். "ஏனுங்க மேடம், அந்தச் செத்தவரு அண்ணன் ஏதாச்சும் செஞ்சாருங்களா?"

"இல்லம்மா."

"அப்பறம் எங்கப்பன ஏனுங்க உடுல?"

இரண்டு வருடத்தில் மேடம் வேலையை விட்டார். படித்த இடத்துக்கே திரும்பி, அந்த இரண்டு பாடங்களையும் இப்போது நடத்துகிறார்.

நேற்று கணபதியில் என் வீட்டில் கைப்பேசி அடித்தது. "சார், சௌக்கியமுங்களா? நம்மாளத் தண்டன முடிஞ்சு அடுத்த வெள்ளிக்கிழம உடறாங்களாமா. எந்தப் பஸ்ஸுல வருவாருங்க?" அதே மரியாதை. தெரியாது என்றேன்.

"பரவாயில்லீங்க. எல்லாப் பஸ்ஸுக்கும் நிக்கறனுங்க."

உடனே மேடத்தைக் கூப்பிட்டேன். "போலீசுக்கு எழுதிக் குடுங்க. நானும் கையெழுத்துப் போடறேன். அவரு இன்னும் ஒண்ணும் செய்யலைங்கிறதையும் எழுதீருங்க," என்றார்.

நீலப் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன். இன்னும் எட்டு நாள். அந்த வழியில் ஒரு நாளைக்கு எத்தனை பஸ் என்று எண்ணத் தொடங்கினேன். முப்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.