குழாய் பிடித்தவர்

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் டேட்டா சென்டரை விரிவாக்க அனுமதி மறுத்தார்கள். இயந்திரங்களைக் குளிர்விக்கும் அளவுக்கு ஊரில் தண்ணீர் இல்லையாம். ஆனால் பக்கத்து மைதானத்தில், சர்வதேச ஹாக்கிப் போட்டிக்காக, பந்து சீராக ஓடவேண்டும் என்று செயற்கைப் புல்லைத் தினமும் மூன்று முறை நனைத்தார்கள்.

நனைத்தவர் ஒல்லியான மனிதர். குழாயை மூடியதும் கடைசிச் சொட்டுவரை சொம்பில் பிடித்து வைத்துக்கொள்வார். ஒருநாள் வேலியோரம் நின்று, "ஏண்ணா, எங்களுக்கு இல்லாத தண்ணி உங்க புல்லுக்கு மட்டும் எப்படி வருது?" என்று கேட்டேன்.

அவர் முறைத்தார். "நீயும் அவங்களும் எங்க ஏரித் தண்ணிக்குத்தான் சண்ட போட்டுக்கினு கீறீங்க. எங்க தெருக் கொழாயில தண்ணி வந்து ஒம்போது நாளாவுது. அத்த எவனாச்சும் கேட்டீங்களா?"

மறுநாள் காலையில் அவரே மைதானக் கதவைத் திறந்துவிட்டார். அவர் தெருப் பெண்கள் குடங்களோடு உள்ளே வந்தார்கள். மேற்பார்வையாளர் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"இந்தக் கொடம் நெறையட்டும் சார். அப்பால என்னிய வேலைய உட்டுத் தூக்கிக்கோ" என்றார் அவர், குழாயை விடாமல்.

அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். போட்டி நடந்தது. பிறகு எங்களுக்கும் அனுமதி கிடைத்தது. அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். எந்தத் தெரு என்றார்கள்.