புனேக்கு எந்த ன?

போன வாரம் செவ்வாய்க்கிழமை என் லேப்டாப் என்னைப் பார்த்து, "உனக்கு வயசாகிவிட்டது" என்றது.

இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில், ஒரு சின்னப் பெட்டிக்குள், நாசூக்காகச் சொன்னது. நீங்கள் திறக்க நினைக்கும் பக்கம் இந்த பிரௌசரில் திறக்காது. புது பிரௌசர் வேண்டுமானால் புது ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். புது ஆபரேட்டிங் சிஸ்டம் இந்த மாடலுக்குக் கிடையாது. சுபம்.

நான் திறக்க நினைத்த பக்கம் எது தெரியுமா? இந்தப் பத்தியை வாராவாரம் ஏற்றி அனுப்புகிற பக்கம். பத்திரிகை ஆபீஸில் எல்லாவற்றையும் புதுசாக்கிவிட்டார்கள். என்னைத் தவிர.

லேப்டாப்புக்குப் பதின்மூன்று வயது. மூடியின் ஓரத்தில் ஒரு நசுங்கல். பாட்டரி பதினைந்து நிமிடம் தாங்கும் — மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அவ்வளவுதான். ஒரே வித்தியாசம், என்னை ரிட்டயர் செய்தபோது அரசாங்கம் மாலை போட்டு, சால்வை போர்த்தி, குரூப் போட்டோ எடுத்தது. பாவம், இதற்கு ஒரு சின்னப் பெட்டி.

"புதுசு ஒண்ணு மூணு மாசமா அட்டைப்பெட்டியில தூங்குது. அதைத் தொறந்தா கொறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் கோமதி. என் மனைவி. அவள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கூடாது. செய்துவிட வேண்டும்.

அந்தப் புதுசு, எங்கள் மகள் தாரிணி ஆக்லாந்தில் இருந்துகொண்டே ஆர்டர் போட்டு, புனே வானவடியில் எங்கள் வாசலுக்கு வரவழைத்தது. அவள் அங்கே வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் காலை பதினொரு மணி, அவளுக்குச் சாயங்காலம். போனில் முகம் பார்த்துப் பேசுவோம். பத்து நிமிடம். சாப்டீங்களா, மழையா, முட்டி வலி எப்படி... அப்புறம் இரண்டு பக்கமும் சும்மா பார்த்துக்கொண்டிருப்போம். "சரிப்பா, வச்சிடட்டா?"

புது லேப்டாப் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள். "ஏ ஒன்" என்று ஒவ்வொரு வாரமும் பொய் சொல்வேன்.

சரி, பெட்டியைத் திறந்தேன். புதுசில் பத்தியை அடித்தேன். அனுப்பினேன். அரை மணியில் எடிட்டரிடமிருந்து போன்.

"சார், உடம்பு நல்லா இருக்குதானே?"

"ஏன், நல்லாத்தான் இருக்கு."

"இல்ல... 'நாண் எண் மணைவியுடண் கிளம்பிணேண்'னு ஆரம்பிக்குது. ஏதாவது புது உத்தியா?"

உத்தி இல்லை. மானம் போன கதை.

"உங்க பொண்ணு பேரையே தாரினின்னு போட்டிருக்கீங்க சார். இந்த ஒரு வாரம் நான் திருத்திக்கிறேன். அடுத்த வாரம் கொஞ்சம் பார்த்து..." என்றார். நல்ல மனிதர். சிரிப்பை அடக்கியது மட்டும் இங்கே வரை கேட்டது.

இது ஏன் நடந்தது என்று சொல்ல, நான் பதின்மூன்று வருடம் பின்னால் போக வேண்டும். இந்தப் பழைய லேப்டாப் வீட்டுக்கு வந்த வாரம். தாரிணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மீடியம். சண்டை, சிநேகிதம், கனவு எல்லாம் மராட்டி மீடியம். தமிழ் எழுத்து மட்டும் நான் வீட்டில் சொல்லிக்கொடுத்தது. ல, ள, ழ மூன்றையும் போட்டுக் குழப்புவாள். ஆனால் ன, ண இரண்டுக்கும் மராட்டியில் தனித்தனி எழுத்து உண்டு என்பதால் அந்த இடத்தில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

சென்னையிலிருந்து கீபோர்டில் ஒட்டுகிற தமிழ் எழுத்து ஸ்டிக்கர் வாங்கி வந்திருந்தேன். நான் சோபாவில் படுத்துக்கொண்டு, கூட வந்த காகிதத்தைப் பார்த்து உத்தரவு போட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து ஒட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"அடுத்தது இங்கிலீஷ் 'ஐ'. அதுல ன."

"எந்த ன-ப்பா?"

"நம்ம புனேக்கு வர்ற ன."

"அப்ப 'பி'க்கு?"

"இன்னொண்ணு."

தமிழில் எழுதும்போது நமக்கு இது புனே. இரண்டு சுழி. ஊர்க்காரர்களுக்கோ புணே — நாக்கை மேலே மடக்கி, மூன்று சுழிக்கு உரிய மரியாதையோடு. அவள் அந்த ஊர்க்காரி. மூன்று சுழி ண-வை எடுத்து 'ஐ'யில் அழுத்தி ஒட்டினாள். இன்னொண்ணு 'பி'க்குப் போனது.

யார் மேல் தப்பு? ஊர்ப் பெயர் அவளுக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது. அப்போதே இங்கே வந்து இருபது வருடம் ஆகியும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் டைப் அடிக்கும்போதுதான் கண்டுபிடித்தேன். ஸ்டிக்கர் ஒன்று சொன்னால் திரை இன்னொன்று சொன்னது. "பிச்சு மாத்தி ஒட்டிடலாம்" என்றேன். தாரிணி விடவில்லை.

"பிச்சா கிழிஞ்சிடும்ப்பா. ஸ்டிக்கர் இருக்கட்டும். கம்ப்யூட்டரை மாத்திக்கலாம்."

இரண்டு நாள் இன்டர்நெட்டில் எதையோ படித்தாள். கீபோர்டு அமைப்புக்கான ஒரு ஃபைலைத் திருத்தினாள். அதை லேப்டாப்புக்குள் எங்கேயோ கொண்டுபோய் வைத்தாள். அன்று முதல் ஸ்டிக்கர் சொன்னதுதான் திரையில் வந்தது. மொழிகளைத் தேர்ந்தெடுக்கும் மெனுவில் இங்கிலீஷ், தமிழ் என்று வரிசையாக இருக்கும் அல்லவா? அதற்குக் கீழே புதிதாக ஒரு மொழி வந்து உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் 'அப்பா'.

பதின்மூன்று வருடமாக அந்த மொழியில்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். விரல்களுக்கு வேறு தெரியாது. புது கம்ப்யூட்டர் யார் தொட்டாலும் ஒரே மாதிரி வேலை செய்யும். அதை ஒரு பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அதுதான் அதன் குறை என்று படுகிறது.

ஆக, எனக்குப் பழைய லேப்டாப்பும் வேண்டும், அதில் புது சிஸ்டமும் வேண்டும், 'அப்பா'வும் போகக் கூடாது. பேராசைதான்.

கீழ்வீட்டு ஜாதவ் சாபைப் பார்க்கப் போனேன். நம்ம ஊர் 'சார்', இங்கே 'சாப்'. ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் சுபேதாராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு பழைய லேப்டாப்புகளுக்கு உயிர் கொடுப்பது பொழுதுபோக்கு. பால்கனியில் மற்றவர்கள் துணி காயப்போடுவார்கள், அவர் மதர்போர்டு காயப்போடுவார். இந்தியும் மராட்டியும் கலந்து பேசுவார். என்னை 'அண்ணா' என்பார்; இந்த ஊரில் தமிழன் என்று தெரிந்தாலே அண்ணாதான்.

புரட்டிப் பார்த்துவிட்டு, "நடக்கும் அண்ணா. ஆனா பொய் சொல்லணும்" என்றார்.

"நானா?"

"லேப்டாப். புது சிஸ்டம் உள்ளே வரும்போது, நீ எந்த மாடல்னு கேக்கும். உண்மையைச் சொன்னா திரும்பிப் போயிடும். நடுவுல ஒரு புரோகிராமை வச்சு வயசைக் குறைச்சுச் சொல்ல வைக்கணும்."

நான் தலையைத் தடவிக்கொண்டேன். டை அடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

கம்பெனி கைகழுவிய மாடல்களுக்காகவே, எங்கெங்கோ இருக்கிற ஆர்வலர்கள் சேர்ந்து அந்த புரோகிராமைச் செய்து சும்மா கொடுக்கிறார்களாம். அப்படிப்பட்டவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். எனக்கும் அப்படி யாராவது செய்தால் முட்டி வலிக்காமல் மாடிப்படி ஏறுவேன்.

"ஒண்ணு, ஏதாவது கோளாறுன்னா கம்பெனிகிட்ட போய் நிக்க முடியாது. ரெண்டு, டிஸ்க்கை மொத்தமா துடைக்கணும். என்னென்ன வேணுமோ காப்பி எடுத்துக் கொடுங்க."

எடுத்தேன். போட்டோக்கள், பத்திகள், கோமதி சேர்த்து வைத்திருந்த கோலங்கள். 'அப்பா' ஃபைலைத் தேடினேன். காணவில்லை. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவளைக் கேட்டால், அவள் அனுப்பிய புதுசை மூன்று மாதமாக நான் தொடவே இல்லை என்பதும் சேர்ந்து வெளியே வரும். கேட்கவில்லை. மெனுவில்தான் இருக்கிறதே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இந்த மாதிரி முட்டாள்தனத்துக்கு நிறையப் படித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை உட்கார்ந்தோம். பென் டிரைவ், டீ, கிரீம் ரோல். முதல் தடவை திரை கறுப்பாகவே நின்றது. இரண்டாம் தடவை படம் வந்தது, வைஃபை வரவில்லை. எதைத் திறந்தாலும் ஊர்ந்தது. "டென்ஷன் நகோ அண்ணா" என்றார். டென்ஷன் வேண்டாமாம். அவர் நெற்றியில்தான் வேர்த்திருந்தது. மறுபடி எதையோ ஒட்டுப் போட்டார், அணைத்தார், ஏற்றினார்.

மதியம் ஒரு மணிக்கு என் பதின்மூன்று வயது லேப்டாப் புது மாப்பிள்ளை மாதிரி எழுந்து உட்கார்ந்தது. பத்திரிகைப் பக்கம் ஒரே தட்டலில் திறந்தது. ஜாதவ் சாப் அதற்கு ஒரு சல்யூட் வைத்தார்.

நான் ஒரு வரி அடித்தேன். ண இருக்கிற இடத்தில் ன. ன இருக்கிற இடத்தில் ண. மெனுவைத் திறந்தேன். இங்கிலீஷ் இருந்தது. தமிழ் இருந்தது. 'அப்பா' இல்லை.

"நீங்க கொடுத்ததைத்தான் காப்பி எடுத்தேன்," என்றார் என் முகத்தைப் பார்த்து. பழைய ராணுவக்காரர், குற்றச்சாட்டு வரும் முன்பே வாக்குமூலம் கொடுத்துவிடுவார். விஷயத்தைச் சொன்னேன்.

"இவ்வளவுதானா?" டப்பாவிலிருந்து பிளேடை எடுத்தார். "ரெண்டே ஸ்டிக்கர். பிடுங்கி மாத்தி ஒட்டினா முடிஞ்சது."

முடிந்துவிடும்தான். இரண்டு நிமிட வேலை. இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? ஆனால் என் கை தானாகப் போய்க் கீபோர்டின் மேல் படுத்துக்கொண்டது.

ஜாதவ் சாப் கையைப் பார்த்தார். பிளேடைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

"பொண்ணு ஒட்டினதா?"

தலையாட்டினேன்.

"டீ ஆறிடுச்சு. வேற போடச் சொல்றேன்," என்று உள்ளே போனார். வர ரொம்ப நேரமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி.

"அப்பா, சாப்டீங்களா?"

"தாரிணி, நான் உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேம்மா."

"ஒண்ணுதானா?" இது பின்னாலிருந்து கோமதி.

எல்லாவற்றையும் சொன்னேன். தாரிணி கோபப்படவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. "புதுசுல என்ன ப்ராப்ளம்ப்பா? ஸ்லோவா?"

"ஜோரா இருக்கும்மா. அதுல நீ ஒட்டின ஸ்டிக்கர் இல்ல, அவ்வளவுதான்."

"என்ன ஸ்டிக்கர்?"

சோபாவைச் சொன்னேன். 'ஐ'யைச் சொன்னேன். இன்னொண்ணைச் சொன்னேன். மெனுவில் இருந்த மொழியைச் சொன்னேன்.

"நானா செஞ்சேன்? ஸாரிப்பா... எனக்கு சுத்தமா யாத் இல்ல, ஞாபகமே வரல."

அவளைக் குறை சொல்ல முடியுமா? பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது வெறும் ஒரு லீவு நாள். அதற்கப்புறம் அவளுக்கு எத்தனையோ நாட்கள் வந்துவிட்டன. நான்தான் அந்த நாளிலேயே உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

"சரி, அந்தப் பழைய லேப்டாப்ல கால் போடுங்க. ஸ்க்ரீன் ஷேர் பண்ணுங்க. கன்ட்ரோல் எனக்குக் குடுங்க. நான் திரும்ப பண்ணித் தரேன்."

பழைய சிஸ்டத்தில் இதெல்லாம் நடந்திருக்காது. புது சிஸ்டத்தில் நடந்தது. திரையில் அம்புக்குறி நகர்ந்தது. நான் தொடவில்லை, இரண்டு கையும் மடியில் இருந்தன. அது தானாகப் போய் ஒரு ஃபோல்டரைத் திறந்தது, இன்னொன்றைத் திறந்தது, தயங்கி நின்றது. பிறகு ஒரு மூலையில் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றியது.

தாரிணி யோசிக்கும்போது எதையாவது சுற்றிக்கொண்டே இருப்பாள். பென்சிலை, சடை நுனியை, சாவிக் கொத்தை.

கோமதி கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வந்து என் பின்னால் நின்றாள். "அவளா அது?"

"அவதான்."

இரண்டு பேரும் அம்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருபத்தைந்து நிமிடம். யாரும் மழையைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஆச்சுப்பா. 'டெஸ்ட் டூ'ன்னு பேர் வச்சிருக்கேன். அதை செலக்ட் பண்ணி டைப் பண்ணிப் பாருங்க."

'நான் வானவடியில் இருக்கிறேன்' என்று அடித்தேன். ஒரு சுழி பிசகாமல் வந்தது.

"வருதாப்பா?"

வருகிறது என்று சொன்னால் அடுத்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். சரிப்பா, வச்சிடட்டா.

"இல்லம்மா," என்றேன். "இன்னும் தப்பாத்தான் வருது."

அம்புக்குறி மெதுவாக நான் அடித்த வரிக்கு வந்தது. 'நான்' மேல் நின்றது. 'வானவடி' மேல் நின்றது. 'இருக்கிறேன்' மேல் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

"ஆமாப்பா," என்றாள் தாரிணி. "தப்பாத்தான் வருது. இது கொஞ்சம் டிஃபிகல்ட் ப்ராப்ளம். அடுத்த சண்டேயும் உட்காரணும்."

பேசி வைத்ததும் கோமதி சொன்னாள்: "ஸ்க்ரீனை முழுசாத் தொறந்து காட்டிட்டுப் பொய் சொல்ல உங்க ஒருத்தராலதான் முடியும்."

இன்று புதன். ஞாயிற்றுக்கிழமைக்குள் 'ழ'வில் ஏதாவது கோளாறு கிளப்ப முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.