பிடிக்குமா, வருமா

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூற்பாலை கைமாறியபோது, நூல் சோதிக்கும் ஆய்வகத்தைப் புது முதலாளிகள் கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்த தங்கள் பெரிய ஆலையோடு சேர்த்துவிட்டார்கள். விருப்பமிருந்தால் அங்கே வரலாம் என்றார்கள். கணவருக்குத் தென்காசி ரோட்டில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் கடை. மகள் ஒன்பதாம் வகுப்பு. நான் போகவில்லை.

கல்லூரி முடித்த வருஷமே அந்த ஆலைக்குள் நுழைந்தவள் நான். மிஷின்கள் ஓடும் கூடத்துக்குப் போய் நூல் கண்டுகளை எடுத்துவந்து, நூலின் தடிமனையும் வலுவையும் பார்த்துச் சொல்வது என் வேலை. அந்த வேலையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அங்கே மேஸ்திரியாக இருந்தார். ஆள் எடுக்கிறார்கள் என்றார், போனேன். அதனால் வேலை இல்லை என்று ஆனதும், வேலையை எப்படித் தேடுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

யோசனைக்குக் குறைவில்லை. சேலை வாங்கி விற்பவள் சேலை விற்கச் சொன்னாள். டியூஷன் எடுப்பவள் டியூஷன் எடுக்கச் சொன்னாள். நாத்தனார் டீச்சர், அவள் பி.எட். படிக்கச் சொன்னாள். எல்லோரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் அவரவர் செய்கிற வேலையைத்தான் சொன்னார்களே தவிர, என்னைப் பார்த்துச் சொன்னதாக ஒன்றும் இல்லை.

எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவள் ஒருத்தி உண்டு. என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில், படிப்பை முடிக்கப்போகும் பிள்ளைகள் எந்த வேலைக்குப் போகலாம் என்று வழிகாட்டுவது அவள் உத்தியோகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது கேட்டாள்.

“அக்கா, எங்க பிள்ளைகளுக்கு ஒரு டெஸ்ட் வைப்போம். எதுல விருப்பம், எதுல திறமைன்னு காட்டும். நீங்களும் எழுதிப் பாருங்களேன்.”

“இந்த வயசுலயா?”

“அதுல வயசு கேக்க மாட்டாங்கக்கா.”

சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். கம்ப்யூட்டர் அறையில் என் மகளைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் எழுந்து, “குட் மார்னிங் மேம்” என்றான். நானும் பரீட்சை எழுத வந்தவள்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையாட்டிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பழுதான கருவியைப் பிரித்துப் பார்க்கப் பிடிக்குமா? கூட்டத்தின் முன்னால் பேசப் பிடிக்குமா? எண்களோடு வேலை செய்யப் பிடிக்குமா? மிகவும் பிடிக்கும் என்பதிலிருந்து பிடிக்கவே பிடிக்காது என்பதுவரை கட்டங்கள். நான் பெரும்பாலும் நடுக்கட்டத்தைத்தான் தொட்டேன்.

முடிவாக வந்த படத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே உயரத்தில் நின்றன. தோழி அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“ஒண்ணுமே தூக்கலா இல்லையேக்கா. நான் வாயால கேக்கேன், சொல்லுங்க. கணக்கு பிடிக்குமா?”

“நல்லா வரும்.”

“சமையல்?”

“அம்பது பேருக்குன்னாலும் ஆக்கிருவேன்.”

“தையல்?”

“பாப்பாவுக்குப் பாவாடை தைக்குற அளவு வரும்.”

அவள் சிரித்துவிட்டாள். “பிடிக்குமான்னு கேட்டா, வரும் வரும்னே சொல்லுதீங்க. நான் கேட்டது அது இல்லக்கா.”

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. வருகிற வேலையைச் செய்ய வேண்டியது, அதில் பிடிப்பதும் பிடிக்காததும் என்ன இருக்கிறது என்று அவளிடமே கேட்டேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குப் பிடித்தவற்றை யோசித்துப் பார்த்தேன். சாப்பிடுகிற பண்டங்களைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வீட்டுக்குப் போகும்வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது.

தோழி எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருந்தாள். நம்பிக்கையான ஓர் இடத்தில் தற்காலிகமாகவாவது சேர வேண்டும். தினமும் சாயங்காலம், அன்றைக்கு எந்த நேரம் போனதே தெரியவில்லை, எந்த நேரம் நகரவே இல்லை என்பதை வாட்ஸாப்பில் பேசி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

எண்கள் எனக்கு வரும் என்பதால், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வரிக்கணக்கு எழுதிக்கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். மாடியில் இரண்டு அறை. முதலாளி பண்பான மனிதர். கடைக்காரர்கள் கொண்டுவரும் பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சீக்கிரமே பழகிவிட்டது. மாதம் முடிந்ததும் நிரந்தரமாக இருந்துவிடச் சொன்னார்.

தோழிக்கு நான் அனுப்பிய பேச்செல்லாம் ஒரே மாதிரி இருந்தது. “இன்னைக்கு வேலை சரியாப் போச்சு. ஒண்ணும் விசேஷம் இல்ல.” இதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. குறை இருந்தால் அதையாவது சொல்லலாம். அங்கே குறையும் இல்லை. நான் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

கணவரிடம் சொன்னேன். அவர் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“குறை ஒண்ணும் இல்லங்குற. பொறவு எதுக்கு யோசிக்க?”

“பிடிக்கல போலத் தோணுது.”

“என்னைய யாரும் பிடிக்குமான்னு கேக்கல. எங்க சித்தப்பா கடை இருந்துச்சு, ஸ்பேனரைக் கையில குடுத்தாக, நின்னேன்.”

“இப்ப நான் கேக்கேன். உங்களுக்குப் பிடிக்குமா?”

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டார். இப்படி ஒரு கேள்வியை நான் அவரிடம் கேட்டதே இல்லை. “எங்க கோளாறுன்னே தெரியாத வண்டி வந்தா பிடிக்கும். கண்டுபிடிக்குற வரைக்கும் பசிக்காது. சும்மா லைட்டு மாத்த வாரவங்களைத்தான் பிடிக்காது” என்றார். பிறகு, “நீ பாத்துச் செய். அவசரப்பட்டு மட்டும் விட்டுராத” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

எங்கள் அலுவலகம் இருந்த அதே மாடியில், எதிர்ப்பக்கத்தில் காது மிஷின் பொருத்தும் நிலையம் ஒன்று இருந்தது. காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து, மிஷின் கொடுத்துப் பழக்குவார்கள். நடத்துபவர் நாகர்கோவில் பக்கத்துப் பெண், அதற்கென்றே படித்தவர். படியில் பார்த்தால் சிரிப்போம், அதோடு சரி.

ஒரு மத்தியானம் டிபன் டப்பாவைக் கழுவ வெளியே வந்தேன். அந்த நிலையத்திலிருந்து ஒரு பெரியவர் வேகமாக வெளியே வந்தார். காதில் மாட்டிய புது மிஷினைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். பின்னாலேயே அந்தப் பெண் வந்து, “ஐயா, ஐயா, ஒரு நிமிஷம்” என்று உரக்கக் கூப்பிட்டார். அவருக்குக் கேட்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

நான் இரண்டு படி இறங்கி அவர் முகத்துக்கு நேரே நின்றேன். குரலே எழுப்பாமல், வாயை நன்றாக அசைத்து, கையைக் காதருகே கொண்டுபோய்ச் சுழற்றி, “இரைச்சலா இருக்கா?” என்று கேட்டேன். யோசித்துச் செய்ததில்லை. ஆலைக் கூடத்தில் மிஷின் ஓடும்போது யார் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். தூரத்தில் நிற்பவரிடம் வாயசைவிலேயே கல்யாணப் பேச்சுவரை பேசிவிடுவோம்.

அவர் முகம் மாறிவிட்டது. “ஏம்மா, நீ எந்த மில்லு?” என்றார்.

சொன்னேன். அவரும் வேறொரு ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். “ஆமாம்மா. ஃபேன் சத்தம் தலைக்குள்ள ஓடுது. தட்டு விழுந்தா இடி மாதிரி இருக்கு. என் வீட்டுக்காரி பேசுதா, ஆனா அது அவ குரல் இல்ல. வேற யாரோ பேசுதாங்க.”

அவரை உள்ளே கூட்டிப் போனேன். அவருடைய மனைவி ஒரு ஓரமாகப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் மிஷினின் சத்தத்தைக் குறைத்தார். பல வருஷமாகக் கேட்காத சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் மூளை திணறும், பழக வாரக்கணக்கில் ஆகும் என்று சொன்னார். அதை நான் அவருக்கு வாயசைவிலும் கையிலும் சொன்னேன். அவர் மறுபடியும் மாட்டிக்கொள்ளச் சம்மதித்தார்.

“இப்பக் கேக்குதா?” என்றார் மனைவி, சாதாரணக் குரலில்.

பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “உன் குரல் எப்ப இப்பிடி ஆச்சு?”

“எப்பிடி?”

“கிழவி குரல் மாதிரி.”

“நீங்க கேக்காம இருந்தா எனக்கு வயசாகாதாக்கும்?” என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் நாற்காலியை நகர்த்தி அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “வேற ஏதாச்சும் பேசு” என்றார்.

நான் அலுவலகத்துக்குத் திரும்பியபோது சாப்பாட்டு நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே தோழிக்குப் பேசி அனுப்பினேன். பேசப் பேச வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்குள் நுழையும்போது அவளே கூப்பிட்டாள்.

“அக்கா, இத்தனை நாளும் நீங்க அனுப்புனதை எல்லாம் சேத்தாலும் இம்புட்டு இருக்காது. தெரியுதா?”

“தெரியுது.”

“ஆனா ஒரு நாள் நல்லா இருந்துச்சுன்னு கணக்கு வேலையை விட்டுராதீங்க. அந்த வேலையில அலுப்பான பக்கம் என்னன்னு பாருங்க. அதையும் பொறுத்துக்கிட முடியுதான்னு பாருங்க.”

நிலையம் நடத்தும் பெண்ணிடம் போய் வெளிப்படையாகக் கேட்டேன். சனிக்கிழமைகளில் வந்து கூட நிற்கட்டுமா என்றேன். அவர் சந்தோஷமாகச் சம்மதித்தார், கூடவே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். “சோதனை செய்யறதுக்கு முறைப்படி படிச்சிருக்கணும். அதை நீங்க தொடக்கூடாது. மிஷின் வாங்குன பிறகு மாட்டிப் பழக்கறதுக்குத்தான் எனக்கு ஆள் இல்ல. பாதிப் பேர் பெட்டியில வச்சிப் பூட்டிடறாங்க.”

அலுப்பான பக்கம் நிறையவே இருந்தது. காது அழுக்கு அடைத்த மிஷின் குழாய்களைச் சுத்தம் செய்ய வேண்டும். பேட்டரியைத் திருப்பிப் போட்டுவிட்டு மிஷின் சரியில்லை என்று சண்டைக்கு வருபவர்களிடம் பொறுமையாகப் பேச வேண்டும். செட்டியார்பட்டியில் ஒரு வீட்டில், பழக்குவதற்காக நான் போனபோது, மகனும் மருமகளும் என்னிடம்தான் பேசினார்கள். அந்த அப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் காதில் மிஷின் இருந்தது, பேசத்தான் ஆள் இல்லை. மறுவாரமும் போனேன். மகனை அவருக்கு எதிரே உட்கார வைத்து அன்றைய பேப்பரை வாசிக்கச் சொன்னேன். “எம்புட்டு நேரம் வாசிக்கணும்?” என்றார் மகன். அரை மனசோடு வாசித்தார். விலைவாசிச் செய்தி வந்ததும் அப்பா குறுக்கே பேச ஆரம்பித்தார். இருவரும் தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போது நான் கிளம்பி வந்துவிட்டேன்.

விற்கிற வேலை மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. உயர்ந்த ரகத்தின் சிறப்புகளை எடுத்துச் சொல்லும்படி அந்தப் பெண் ஒரு முறை சொன்னார். வந்தவர்களிடம் சொல்லத் தொடங்கி, பாதியிலேயே, “சாதாரண ரகமே உங்களுக்குப் போதும்” என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். கடை வாடகையை நினைத்தால் அவர் வருத்தம் நியாயம். “எனக்கு இது வரவும் இல்ல, பிடிக்கவும் இல்ல” என்றேன். விற்பனையை அவரே வைத்துக்கொண்டார்.

ஆறேழு மாதம் இப்படிப் போன பிறகுதான் கணக்கு அலுவலகத்தை விட்டேன். முதலாளி காரணம் கேட்டார். எதிர் அறைக்குப் போகிறேன் என்றதும் சிரித்தார். வருமானம் குறையும் என்று கணவருக்குத் தெரியும். அவர் கேட்டது ஒன்றுதான்: “அந்தப் படிப்பை நீ படிச்சா என்ன?”

மதுரையில் அதற்கு ஒரு டிப்ளமோ இருந்தது. அறிவியல் படித்திருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது காலையில் ராஜபாளையத்தில் ரயில் ஏறி மதுரை போகிறேன், சாயங்காலம் திரும்புகிறேன். வகுப்பில் நான்தான் மூத்தவள். படம் வரைந்து பாகம் குறிப்பது இன்னும் தகராறு. முதல் உள்தேர்வில் தேறவில்லை, திரும்ப எழுதினேன். சனிக்கிழமை மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்துக்குப் போகிறேன். படிப்பு முடிந்ததும் சோதனை செய்யும் அறையில் எனக்கு இடம் தருவதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். ராஜபாளையத்தில் ஒரு கிளை திறக்கும் பேச்சும் இருக்கிறது. நடந்தால் பார்க்கலாம்.

போன வாரம் ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா என் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

“என்ன படிக்க?”

“காதைப் பத்திக்கா.”

“என் மகனுக்குக் காது வலி. என்ன மருந்து போட?”

“அதை டாக்டர்ட்டத்தான் கேக்கணும். நாங்க மருந்து குடுக்க மாட்டோம்.”

“அப்ப எதுக்குப் படிக்க?” என்றார் அவர், பூவைத் தொடுத்துக்கொண்டே.

சொல்ல ஆரம்பித்தேன். விருதுநகர் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தேன்.