நுனி முள்: இல்லை

ஸ்கேல் அக்கா அந்த விதைப் பண்ணைக்கு எட்டு மாத வேலை என்றுதான் வந்தார். பதிமூன்று வருஷம் இருந்தார். முதல் மூன்று வருஷம் விருப்பப்பட்டு இருந்தது. மீதிப் பத்தை என்னவென்று சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை.

நான் அங்கே அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். அக்கா கையால் எழுதிக் கொடுத்த அறிக்கைகளை எல்லாம் அடித்துக் கொடுத்தது நான்தான். அவருடைய ராஜினாமாக் கடிதத்தையும் நாலு தடவை அடித்திருக்கிறேன். தேதியை மாற்றுவதைத் தவிர அதில் எனக்கு வேறு வேலை இருந்ததில்லை.

கோட்டுப் பையில் எந்நேரமும் முப்பது சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். புது ஆளைப் பார்த்தால் கண்ணாலேயே அளந்துவிடுவார். என்னிடம் அவர் முதலில் கேட்டதே, "நீ நூத்தி அறுபத்திமூணு இருப்பியா?" என்றுதான். நூற்று அறுபத்திரண்டு என்றேன். "அப்ப செருப்பு ஒரு சென்டிமீட்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பண்ணையின் செடி ஆர்ட்டிசோக். பார்க்காதவர்களுக்குச் சொல்வதென்றால், இடுப்பளவு வளரும் சாம்பல் பச்சை முள்செடி. அதன் உச்சியில் தாமரை மொட்டுப் போல, ஆனால் கெட்டியாக, செதில் செதிலாக ஒரு மொட்டு வரும். பூக்க விடாமல் மொட்டிலேயே அறுத்து, வேகவைத்து, செதில்களின் அடிச்சதையையும் நடுக்குருத்தையும் சாப்பிடுவார்கள். ஒவ்வொரு செதிலின் நுனியிலும் ஒரு முள் இருக்கும். அறுக்கிறவர் கையும் குத்துப்படும், சமைக்கிறவர் கையும் குத்துப்படும். முள்ளே இல்லாத, அதே சமயம் பெரிய மொட்டு வைக்கிற ரகம் ஒன்று வேண்டும் என்பதுதான் பண்ணையின் ஆசை.

அதற்கான கலப்பினச் சேர்க்கையை ஆரம்பித்தவர் வேறொருவர். பெரிய மொட்டு வைக்கும் முள்செடியைத் தாயாக எடுத்தார். சில மொட்டுகளை அறுக்காமல் விட்டால் உள்ளிருந்து ஊதா நிறத்தில் நூற்றுக்கணக்கான சின்னக் குழல்பூக்கள் கிளம்பும். ஒவ்வொன்றிலும் மகரந்தம் முதலில் வந்துவிடும், சூல்முடி சில நாள் கழித்துத்தான் பக்குவப்படும். அந்த இடைவெளியில் மகரந்தத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காகிதப் பையால் மூடி, பிறகு முள்ளில்லாத சின்ன மொட்டுச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவ வேண்டும். இதைச் செய்து விதை எடுத்து, அறுநூறு நாற்று நட்டுவிட்டு, அந்த மனிதர் வெளிநாட்டு வேலை கிடைத்துக் கிளம்பிப் போய்விட்டார். அறுநூறையும் அளந்து பதிவு செய்து வைத்திருந்தது அக்கா. எட்டு மாதம் முடிந்தபோது அந்தச் செடிகளைத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான் மிச்சம்.

மூன்றாம் வருஷம் பதினாலாவது வரிசையில் அந்தச் செடி கிடைத்தது. இரண்டு உள்ளங்கையை நிறைக்கும் மொட்டு. செதில்கள் ஒன்றோடொன்று இறுகிப் படிந்திருந்தன. அக்கா ஒவ்வொரு செதில் நுனியாக விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். எங்கேயும் குத்தவில்லை. அன்று அலுவலகத்துக்கு ஓடி வந்து என் மேஜைமேல் அதை வைத்து, "தடவிப் பாரேன், பூனைக்குட்டி காது மாதிரி இருக்கு" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மறுநாள் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். புது ரகம் பதிவாகும்வரை வேலையை விட்டுப் போவதில்லை. மீறிப் போனால் ஐந்து வருஷத்துக்கு வேறெந்தச் செடி நிறுவனத்திலும் சேரக் கூடாது. பதிவாகும்போது விவரக் குறிப்பில் அக்காவின் பெயர் வரும்.

"ஒண்ணுமில்லம்மா, சம்பிரதாயத்துக்குத்தான். ரெண்டு வருஷத்துல எல்லாம் முடிஞ்சிடும்" என்றார் மேனேஜர். அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாரையும் அதட்டியதில்லை. வந்தவரை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டுத்தான் எதையும் பேசுவார். அந்த டீயைக் குடித்துவிட்டு அக்கா கையெழுத்துப் போட்டார்.

அதற்கு அடுத்த வருஷம் அவருடைய கணவருக்குத் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக் வேலை மாற்றலாயிற்று. பஸ்ஸில் ஐந்து மணி நேரம். பண்ணைப் பக்கம் நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. எட்டு வயது மகளும் அப்பாவோடு போனாள். ரெண்டு வருஷம்தானே என்று மூன்று பேரும் பேசிக்கொண்டார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு அக்கா போய் வருவார்.

அவருக்குக் கொடுத்திருந்த அறை பண்ணைக்குள்ளேயே, கிடங்குக்குப் பின்னால். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். அந்த ஜன்னலைத் திறந்தால் பதினாலாவது வரிசை. சுற்றிலும் கம்பி வேலி. புது ரகத்தின் பக்கக் கன்றை யாராவது வெட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று வாசலில் எல்லோர் பையையும் சோதிப்பார்கள். வாட்ச்மேன் அக்காவின் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்ப்பார். "மன்னிச்சுக்கங்கக்கா, ரூல்ஸ்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். "அதுல எலுமிச்சம்பழ சாதம்தான் இருக்கு, அதுக்கும் முள் இல்ல" என்பார் அக்கா. முதல் சில வருஷம் இருவரும் சிரித்தார்கள். பிறகு அக்கா பாட்டுக்குத் திறந்து நீட்டுவார், வாட்ச்மேன் பாட்டுக்குப் பார்ப்பார்.

புது ரகத்தைப் பதிவு செய்ய ஒரு படிவம் உண்டு. அறுபத்திரண்டு கேள்விகள். செடியின் உயரம், இலையின் வெட்டு எத்தனை ஆழம், மொட்டு உருண்டையா நீளமா, செதிலின் நிறம் என்ன. நிறத்தைச் சும்மா பச்சை என்று எழுத முடியாது. நூற்றுக்கணக்கான பச்சைகள் அச்சடித்த அட்டையைச் செதிலோடு சேர்த்துப் பிடித்து எண்ணைக் குறிக்க வேண்டும். நாற்பத்தேழாவது கேள்வி: செதிலின் நுனி முள். இல்லை, குட்டை, நீளம் என்று மூன்று கட்டம்.

ஐந்தாம் வருஷம் பக்கக் கன்றுகளிலிருந்து நூறு செடி வளர்ந்து நின்றது. அக்கா நாற்பத்தாறு கேள்விவரை நிரப்பியிருந்தார். அந்தக் குளிர்காலம் கடுமை. ஒருநாள் காலையில் ஒரு மொட்டைத் திருப்பியபோது நகக்கண்ணில் சுருக்கென்றது. இரண்டு மில்லிமீட்டர் முள். நூறு செடியையும் தடவினார். நாலு செடியில் முள்.

மேனேஜர் ஸ்கேலையும் மொட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலுதானேம்மா. இல்லைன்னு போட்டுடுங்க. பதிவு ஆபீஸ் பரிசோதகர் வெயில் காலத்துலதான் வருவார்."

"இருக்கிறத இல்லன்னு எப்படி சார் எழுதுறது?"

"அப்ப அந்த நாலையும் புடுங்கிட்டு, சுத்தமானதுலேருந்து மறுபடி கன்னு எடுங்க. எனக்கு முள்ளில்லாததுதான் வேணும்."

பிடுங்கினார். சுத்தமானவற்றிலிருந்து கன்று எடுத்துப் பெருக்க மூன்று வருஷம். அடுத்த கடுங்குளிரில் மறுபடி ஐந்து செடியில் முள். மறுபடி பிடுங்கல், மறுபடி மூன்று வருஷம், மறுபடி முள். இந்தச் செடிகள் வேண்டுமென்றே தன்னை ஏமாற்றுகின்றன என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ராஜினாமாக் கடிதங்கள் அந்த இடைவெளிகளில் வந்தவை. கொண்டுபோய்க் கொடுப்பார். மேனேஜர் டீ சொல்வார். "உங்கள நான் பிடிச்சு வைக்கலம்மா. போறதுன்னா போங்க. ஆனா அஞ்சு வருஷம் செடியத் தொட முடியாது, உங்க பேரும் வராது. இந்த ஒரு சீசன் பாத்துடலாமே?" அக்கா கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். செடியைத் தொடாமல் இருப்பதைப் பற்றி அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தத் தாளைவிட அவருடைய அந்தப் பிடிவாதம்தான் அவரைக் கட்டிப் போட்டது என்று எனக்குத் தோன்றும்.

பதினோராம் வருஷம் மகள் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். அக்காவுக்கு முதன்முறையாக மூன்று வாரம் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது; துறைமுகத்துக்குப் போனார். அங்கே நடந்ததைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார்.

வீட்டில் டம்ளர் எங்கே இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. பதினைந்து வயது மகள் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, "அதுல இல்லம்மா, மேல் தட்டுல" என்று வழி சொல்லியிருக்கிறாள். ஒரு மத்தியானம் திடீரென்று கேட்டாளாம்.

"அம்மா, அந்த ஃபார்ம்ல எத்தனை கேள்வி?"

"அறுபத்திரண்டு."

"அறுபத்தொண்ணுக்குப் பதில் உண்மைதானே?"

"ஆமா."

"அப்ப அந்த ஒண்ணுல இல்லன்னு எழுதிட்டு வீட்டுக்கு வாயேன். எனக்காக ஒரு பொய் சொல்ல மாட்டியா?"

கணவர் சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரை நிறுத்தினார்.

திரும்பி வந்த அன்றே அக்கா படிவத்தை எடுத்தார். நாற்பத்தேழாவது கேள்வியில் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டார். நான் அடித்துக் கொடுத்தேன். மேனேஜர் அதைக் கையோடு அனுப்பிவிட்டார்.

அக்கா விடுமுறையில் இருந்தபோது இங்கே வேறொன்று நடந்திருந்தது. ஒரே நாளில் வெட்டித் தொட்டிகளில் நட்ட இருபது கன்றுகள் கிடங்கோரம் நின்றன. அந்த மூன்று வாரமும் அனல் வெயில். டிராக்டர் ஓட்டுகிறவர் பார்த்தார், பரிதாபப்பட்டார். பூக்கிழங்குகள் வைக்கும் குளிர் கிடங்கில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. இருபது தொட்டியையும் அதற்குள் தள்ளிவிட்டார். அக்கா வந்ததும், "வாடுதேன்னு உள்ள வெச்சேன்கா. அப்புறம் மறந்தே போச்சு" என்று தலையைச் சொறிந்தார். அக்காவுக்கு அப்போது எதிலும் மனம் இல்லை. வெளியே எடுத்து வைக்கச் சொன்னார்.

ஐந்து வாரம் கழித்து அந்தத் தொட்டிகளில் மொட்டு வந்தது. இருபதிலும் முள். இரண்டு மில்லிமீட்டர். ஒன்றுகூட விதிவிலக்கில்லை. அதே தாய்ச்செடியிலிருந்து வந்த வயல் செடிகளில் அந்த வெயிலில் ஒன்றில்கூட முள் இல்லை.

அக்கா தொட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து பழைய பதிவேடுகளை எல்லாம் என் மேஜையில் கொண்டுவந்து கொட்டினார். முள் வந்த செடிகளின் அறுவடைத் தேதிகளைப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் குளிர் தாக்கியதிலிருந்து எண்ணினால் எல்லாம் ஒரே வாரம். குளிர் தாக்கியபோது மொட்டு செடிக்குள் சுண்டுவிரல் நகமளவு இருந்தவை மட்டும்தான் முள் வைத்திருக்கின்றன. அந்த நாலும் ஐந்தும் கெட்ட செடிகள் அல்ல. மற்ற செடிகளின் மொட்டுகள் அப்போது வேறு பருவத்தில் இருந்தன, அவ்வளவுதான். ரகத்தின் குணமே இது. ஆறு வருஷமாக ஒரு குற்றமும் செய்யாத செடிகளைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்.

"புடுங்கினதெல்லாம் நல்ல செடி" என்றார்.

அதற்கடுத்த வாரம் பதிவு அலுவலகத்திலிருந்து பரிசோதகர் வந்தார். அகலத் தொப்பி போட்ட, அதிகம் பேசாத அம்மாள். வெயில் சுள்ளென்று அடித்தது. வரிசை வரிசையாக மொட்டுகளைத் தடவிப் பார்த்து, "நல்லா வந்திருக்கே" என்றார். மேனேஜர் முகம் மலர்ந்தது. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அக்கா அன்றைக்கே பெட்டியைக் கட்டலாம்.

"மேடம், நாப்பத்தேழாவது கேள்விக்கு நான் எழுதினது தப்பு" என்றார் அக்கா.

மேனேஜர் இருமினார். "வெயில்ல நிக்க வேணாமே, உள்ள போய் டீ..."

"குளிர்ல முள் வரும். இருபது தொட்டியில பாத்தேன். வாங்க, காட்டுறேன்."

பரிசோதகர் தொட்டிகளைச் சுற்றி வந்தார். "எல்லாத்துலயும் வருதா?"

"எல்லாத்துலயும்."

"அப்ப அப்படியே எழுதுங்க. ஒரு ரகம்னா எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்கணும்னுதான் நாங்க கேக்குறோம். முள்ளே இருக்கக் கூடாதுன்னு யார் சொன்னா?"

அக்கா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் வேலியைப் பார்த்தார்.

பரிசோதகர் அதோடு விட்டாரா என்றால் இல்லை. விவரக் குறிப்பு மாறிவிட்டதால் பழைய விண்ணப்பம் செல்லாது என்றார். புதிதாக எழுத வேண்டும், இரண்டு குளிர்காலம் வயலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். மறைக்காமல் சொன்னதற்காக வேறு நடவடிக்கை இல்லை. இதைச் சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு காரில் ஏறினார்.

அன்று சாயங்காலம் அக்கா என் அறையிலிருந்துதான் வீட்டுக்குப் போன் பேசினார். இன்னும் இரண்டு வருஷம் என்றார். அந்தப் பக்கம் மகள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எதிர்முனையில் போனை வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அந்த இரண்டு வருஷத்தில் மகள் பள்ளிப் படிப்பை முடித்து, துறைமுகத்திலிருந்தும் ஒரு நாள் பயணத்தில் இருக்கும் நகரத்தில் கல்லூரி விடுதியில் சேர்ந்தாள். ரகம் பதிவானது அதற்கு மூன்று மாதம் கழித்து. உருவாக்கியவர் என்ற இடத்தில் பண்ணையின் பெயர். விவரித்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர், ஓர் எழுத்துப் பிழையோடு. பிழை என்னுடையதல்ல, அச்சகத்துடையது. முள் பற்றிய வரி மட்டும் முழுதாக வந்திருந்தது: மொட்டின் இளம்பருவத்தில் குளிர் தாக்கினால் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் நுனி முள் தோன்றும், மற்றபடி இல்லை. விவசாயிகள் அதைப் படித்துவிட்டு, நடவை ஒரு மாதம் முன்னே தள்ளி முள் வராமல் பார்த்துக்கொண்டார்கள். விற்பனைக்கு ஒரு குறையும் வரவில்லை.

போன வருஷம் துறைமுகப் பக்கம் போனபோது அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நகரப் பூங்காவில் செடிகளைக் கவனிக்கும் வேலை பார்க்கிறார். நான் உள்ளே நுழையும்போது கணவனும் மனைவியும் ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "முன்னெல்லாம் விருந்தாளி மாதிரி வருவா, ஒரு சண்டை கிடையாது. இப்ப தினம் உண்டு" என்றார் கணவர். அவர் குரலில் வருத்தம் இல்லை.

மகளைப் பற்றிக் கேட்டேன். நன்றாகப் படிக்கிறாளாம். போன் பண்ணுகிறாளாம். சாப்பாடு, பரீட்சை, தோழிகள் எல்லாம் பேசுகிறாளாம்.

"ஒருநாள் அங்க வந்து உன்னப் பாத்துட்டுப் போறேன்னு சொன்னா மட்டும், இந்த வாரம் வேணாம்மா, வேலை இருக்குங்கறா" என்றார் அக்கா. பிறகு எழுந்து போய் அந்த ஜன்னலைச் சாத்தினார்.