ஃபியூஸ் கட்டை குப்பத்தில் இருந்தது

தொண்ணூறுகளின் நடுவில், மழை எங்களை அடியோடு மறந்துபோன ஒரு கோடை. புதுப்பட்டினத்தில் மீனவர் குப்பத்துக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே புதிதாக முளைத்த ஒரு தெருவில் குடியிருந்தோம். பதினான்கு வீடுகள். எல்லாருமே வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். எனக்கு மதுரைப் பக்கம். தண்ணீரைச் சோதித்துச் சொல்லும் ஒரு லேபில் வேலை. அதனால் தண்ணீர் விஷயத்தில் தெருவில் நான் வைத்ததுதான் சட்டம். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

தெருவுக்குப் பொதுவாக ஒரு போர் போட்டோம். போர் போட வந்தவர், "இத்தோட வுட்ரலாம்மா, இன்னும் கீழ போனா உப்புத் தண்ணி கீது" என்று தலையைச் சொறிந்தார். ஆனால் அந்த ஆழத்தில் தண்ணீர் சன்னமாகத்தான் வந்தது. பதினான்கு தொட்டி எப்போது நிறைவது? "இன்னும் ரெண்டு பைப் இறக்குங்க" என்றேன். பொங்கி வந்த தண்ணீரை லேபுக்கு எடுத்துப்போய்ச் சோதித்தேன். நல்ல தண்ணீர். தெருவே என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

எல்லாம் மூன்று வாரம்தான். ஒரு ஞாயிறு காலை, குப்பத்துப் பெண்கள் பத்துப் பேர் காலிக் குடங்களோடு என் வாசலில் நின்றார்கள். முன்னால் நின்றவர், தினமும் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா. குப்பத்துக்கு இருந்ததே ஒரே ஓர் உறைக்கிணறு, அதுவும் ஆளுயர ஆழம். காலையில் வீட்டுக்கு மூன்று குடம். அதற்கப்புறம் சாயங்காலம் வரை யாரும் குடம் இறக்கக் கூடாது, கிணறு ஊற வேண்டும் என்பது அவர்கள் கட்டுப்பாடு.

அக்கா நீட்டிய சொம்பில் கிணற்றுத் தண்ணீர். வாங்கிக் குடித்தேன். கரித்தது.

"இன்னாம்மா, உன் மிசினு நல்ல தண்ணின்னு சொல்லிச்சாமே? எங்க கெணறு இன்னா பாவம் பண்ணிச்சு? எம் பொண்ணு புள்ள பெத்து வூட்ல கீறா. அவளுக்கு இன்னாத்தக் குடுப்பேன்?"

நான் சோதித்தது முதல் நாள் தண்ணீரை மட்டும். நாள் முழுக்க மோட்டாரை ஓட்டினால் மேலாக நிற்கும் நல்ல தண்ணீர் தீர்ந்து, அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறி அக்கம்பக்கத்துக் கிணற்றுக்கும் பரவும் என்று படித்தவள்தான் நான். எங்கள் குழாயிலேயே இரண்டு நாளாக லேசாகக் கரித்தது. தொட்டி கழுவாததால் இருக்கும் என்று சும்மா இருந்துவிட்டேன். அவமானமாக இருந்தது.

தெரு கூடிவிட்டது. "நம்ம போர், நம்ம மோட்டார். நாம ஏன் நிறுத்தணும்?" என்று எதிர்வீட்டு சார் எகிறினார். நான் மோட்டார் அறைக்குப் போய் மெயினை அணைத்தேன். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வந்து அக்கா கையில் கொடுத்தேன். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா."

அன்றைக்கு ஏழெட்டு வீட்டார் என்னோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் காலை முதலில் ஸ்கூட்டரைக் கிளப்பியவர் யார் தெரியுமா? அதே எதிர்வீட்டு சார்! கடலிலிருந்து தள்ளியிருக்கும் அணுபுரத்தில் தெரிந்தவர் வீட்டிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்று அவர் வீட்டுக்கு, ஒன்று பிள்ளை பெற்றவளுக்கு. அப்புறம் தெருவில் வண்டி வைத்திருந்த எல்லாருமே கேன் கட்டினார்கள். பஞ்சாயத்து லாரி வந்தால் குப்பத்துக்கும் தெருவுக்கும் ஒரே வரிசை. சண்டை வராமலா இருக்கும்? வந்தது. வரிசை மட்டும் கலையவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை. அதற்கும் சில வாரம் கழித்து ஒரு காலை, அக்கா சொம்போடு வந்தார். "குடிச்சிப் பாரும்மா. மிசினுல அப்பால ஊத்திக்கலாம்." குடித்தேன். கரிப்பே இல்லை. நடு வாசலில் நின்று அழுதுவிட்டேன்.

இறக்கிய இரண்டு பைப்பையும் மேலே எடுத்தோம். காலையில் ஒரு மணி நேரம்தான் மோட்டார் என்று எங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஃபியூஸ் கட்டை அக்கா வீட்டு ஆணியில்தான் தொங்கியது. கிணற்றுத் தண்ணீரை அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்து, சரியாக இருந்தால்தான் மீன் கூடையோடு கட்டையும் தெருவுக்கு வரும். நானும் மாதம் ஒரு முறை லேபில் சோதித்து வந்து சொல்வேன். "அதான் தெரியுமே" என்பார்.

சில வருடம் கழித்து, லாரியில் தண்ணீர் விற்க ஒருவர் தோப்பில் பெரிய போர் போட வண்டியோடு வந்தார். குப்பமும் தெருவும் பாதையை மறித்து நின்றோம். முன்னால் நின்ற எதிர்வீட்டு சார், "இது எங்க கிணத்துத் தண்ணி. எங்களைக் கேக்காம எப்படித் தோண்டுவீங்க?" என்று எகிறினார். அந்தக் கிணற்றில் ஒரு குடம்கூட மொண்டதில்லை அவர்! மத்தியானத்துக்குள் வண்டி திரும்பிப் போனது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். ஆனாலும் மோட்டார் சுவிட்சில் கை வைக்கும்போதெல்லாம், பக்கத்தில் இதே தண்ணீரை இன்னும் யார் குடிக்கிறார்களோ என்று ஒரு கணம் நின்று யோசித்துவிட்டுத்தான் போடுகிறேன்.